நின்றெரியும் விளக்கு

ராஜபாளையத்தில் சூரியன் அடிவானத்தில் இறங்குவதில்லை, மலைக்குப் பின்னால் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஊருக்கு மேற்கே நெடுஞ்சுவராக நிற்பதால், நாட்காட்டியில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்கு முன்பே தெருவில் நிழல் விழுந்துவிடும். ஆனாலும் வானம் இருட்டாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதன் மிச்சம் இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளின் தலையில் வந்து உட்காரும். வெளிச்சமும் நிழலும் கலந்த அந்தக் கொஞ்ச நேரத்தை, மாம்பழத்தைப் போல, எங்கள் ஊரின் சொத்து என்றே நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் கூடத்து டியூப்லைட்டைப் போட்டால் எல்லாம் போய்விடும். மேலிருந்து கொட்டும் வெள்ளை வெளிச்சத்தில் முகங்கள் தட்டையாகிவிடும், கண்ணுக்குக் கீழே குழி விழும், அறைக்கு மூலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, உட்கார்ந்திருப்பவரின் முக உயரத்திலிருந்து வரும்போதுதான் பேச்சு நிதானமாகிறது என்பது என் வெகுநாள் அனுபவம். அதற்குக் கூரையில் தொங்கும் விளக்கும் சுவரில் அறைந்த விளக்கும் போதாது. தரையில் நிற்கும் விளக்கு வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒன்று வாங்கினேன். தங்க நிற முலாம் பூசிய தண்டு, துணி மாதிரித் தெரிந்த பிளாஸ்டிக் கூண்டு, உள்ளேயே ஒட்டவைத்த எல்இடி. மூன்றாவது ஐப்பசி மழைக்கு அது அணைந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் பிரிக்கிற மாதிரியே செய்யலண்ணே" என்றார். பழைய இரும்பு எடுப்பவரும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டார். இரும்பும் இல்லை, பித்தளையும் இல்லை, எந்தக் கணக்கில் எடுப்பது? இன்றும் அது மாடி அறையில் கிடக்கிறது. அது வந்த அட்டைப் பெட்டியில் பச்சை இலை ஒன்றை அச்சிட்டு, இயற்கைக்கு உகந்தது என்று எழுதியிருந்தார்கள். அந்த இலையைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

உண்மையான இலையால் ஆன கலைப்பொருள் ஒன்று இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி. மாதுளம்பூ அதற்கு அலகு, மரவள்ளி இலை உடம்பு. நார், பூ, குச்சி எல்லாம் சேர்த்துப் பல மணி நேரம் கட்டி, நாள்தோறும் புதிதாக ஒரு கிளி செய்கிறார்கள். பரம்பரையாக வரும் வேலை அது. நேற்றைய கிளி இன்று கிடையாது. யாராவது பக்தர் வாங்கிப் போய்ப் பூஜை அறையில் வைத்திருப்பார். நாலு நாளில் வாடும், உதிரும், செடித் தொட்டியில் போய்ச் சேரும். அவ்வளவு நுணுக்கமான கைவேலை ஒரே நாளுக்காக என்று முதலில் எனக்கு மனசு கனக்கும். பிறகு புரிந்தது, அந்தக் கிளி எந்தக் கடனும் வைக்காமல் போகிறது.

அதே கோயிலில், அதே சந்நிதியில், இன்னொரு வகைப் பொருளும் இருக்கிறது. பித்தளையிலும் வெண்கலத்திலும் வார்த்த விளக்குகள். அவை வாடுவதில்லை. தேய்ந்தால் உலைக்குப் போய் இன்னொரு விளக்காகத் திரும்பி வரும். பூமியில் ஒரு பொருள் நேர்மையாக இருப்பதற்கு இந்த இரண்டு வழிதான் என்று நினைக்கிறேன். ஒன்று கிளியைப் போல மண்ணுக்குப் போக வேண்டும். இல்லை, விளக்கைப் போல உலைக்குப் போக வேண்டும். என் மாடி அறையில் கிடப்பது இரண்டுக்கும் போக முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டது. விளக்கு வாங்கப் போகும் யாருக்கும் நான் சொல்லும் முதல் சோதனை இதுதான். உன் வேலை முடிந்ததும் எங்கே போவாய் என்று விளக்கைக் கேளுங்கள்.

தரையில் நிற்கும் அலங்கார விளக்கு என்பது சோபா செட்டோடு வந்த புதுப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அப்படி நினைக்கக் கூடாது. திருப்பாவையின் 19ஆம் பாசுரம் குத்துவிளக்கில்தான் தொடங்குகிறது. அதை ஆண்டாள் எங்கே வைக்கிறாள் என்று கவனிக்க வேண்டும். சந்நிதியிலோ பூஜை மாடத்திலோ இல்லை. நப்பின்னையின் படுக்கை அறையில், யானைத் தந்தக் கால் வைத்த கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். பஞ்சணைக்கும் பூச்சூடிய கூந்தலுக்கும் நடுவே எரியும் வீட்டு விளக்கு அது. 26ஆம் பாசுரத்தில் சங்கு, பறை, கொடி, விதானம் என்று கண்ணனிடம் கேட்கும் பட்டியலில் கோல விளக்கும் உண்டு. கோலம் என்றால் அழகு. ஆயிரம் வருடத்துக்கு முன்பே அலங்கார விளக்குக்கு எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் பெயர் வைத்துவிட்டாள்.

குத்து என்ற சொல்லும் அழகானது. செங்குத்து, குத்துக்கல், குத்துக்காலிட்டு உட்காருவது எல்லாவற்றிலும் இருக்கும் அதே குத்து. நேராக நிற்பது என்று பொருள். மலையைத் தாண்டினால் மலையாளத்தில் அதையே நிலவிளக்கு என்கிறார்கள். நிலத்தில் நிற்கும் விளக்கு. ஒரே பொருளைப் பார்த்து, மலைக்குக் கிழக்கே இருப்பவர்கள் அதன் நிமிர்வைப் பெயராக்கினார்கள், மேற்கே இருப்பவர்கள் அது நிற்கும் தரையைப் பெயராக்கினார்கள்.

வடிவத்திலும் அந்த வேறுபாடு தெரியும். கேரளத்து நிலவிளக்கு சிக்கனமானது. வட்டமான அடி, வளையம் வளையமாக ஏறும் தண்டு, அகலமான தட்டு, மேலே சின்னக் குமிழ், அவ்வளவுதான். நம் குத்துவிளக்கு இன்னும் கொஞ்சம் பேசும். கவிழ்த்த தாமரை போலப் பீடம், கடைசல் பிடித்த தண்டு, ஐந்து முகமுள்ள அகல், உச்சியில் அன்னம். வெறும் கண்ணுக்கு எனக்குக் கேரளத்து விளக்குதான் பிடிக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்றிய பிறகு நம் அன்னம் ஜெயித்துவிடுகிறது. ஐந்து சுடருக்கு மேலே அதன் நிழல் கூரையில் ஆடும்போது, பறவை பறப்பதாகவே இருக்கும்.

விளக்கே பெண்ணாக நிற்கும் வடிவமும் உண்டு. இரு கைகளிலும் அகலை ஏந்தி நிற்கும் பாவை விளக்கு. திருவிடைமருதூர்க் கோயிலில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் வேண்டுதல் நிறைவேறியதற்காகத் தன்னையே விளக்காக வார்த்து நிறுத்திய பாவை பெயர் பெற்றது. ஆனால் வீட்டுக் கூடத்தில் பாவை விளக்கு வைப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. அவள் கையேந்தி நிற்கும்போது நாம் சாய்ந்து உட்கார்ந்து டீ குடிக்க முடியாது.

சென்ற தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். சீர்வரிசை வாங்க வந்த கூட்டம். அண்டா, தவலை, சொம்பு என்று அடுக்கியிருந்த இடத்தைத் தாண்டி உள்ளே போனால் விளக்குகள் உயர வரிசையில் நின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

"அண்ணாச்சி, இதைக் கழற்றிப் பாக்கலாமா?"

"தாராளமாப் பாருங்க தம்பி. கழற்றிப் பாக்காம விளக்கு எடுக்கக் கூடாது."

குத்துவிளக்கின் பெரிய புத்திசாலித்தனம் அது கழன்று வருவது. பீடம், தண்டு, தட்டு, அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்க்கப்பட்டு, மரை முறுக்கிச் சேர்க்கப்பட்டவை. தட்டு நசுங்கினால் தட்டை மட்டும் மாற்றலாம். ஊர் மாறும்போது துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டு போகலாம். மரை இரண்டு சுற்றிலேயே நின்றுவிட்டாலும், கடைசி வரை லொடலொடவென்று ஆடினாலும் அந்த விளக்கை விட்டுவிட வேண்டும். நல்ல மரை எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு போய், முடிகிற இடத்தில் கெட்டியாக உட்காரும். அந்தக் கடைசி அரைச் சுற்றில் கைக்குத் தெரியும்.

பிறகு கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பித்தளை கிலோக் கணக்கில் விற்கிற பொருள். பீடத்தின் வயிற்றில் அரக்கோ சிமெண்டோ அடைத்திருந்தால் அந்த எடைக்கும் பித்தளை விலை கொடுப்போம். அதைவிட, பிறகு உருக்கும்போது அது குப்பை. உள்பக்கம் வார்த்த மண்ணின் சொரசொரப்போடு வெறுமையாக இருந்தால் சந்தோஷம். விரல் நகத்தால் தட்டைச் சுண்டினால் ஓசை நின்று தேய வேண்டும். டொக் என்று செத்தால் எங்கோ விரிசலோ காற்றுக்குமிழோ இருக்கிறது.

முகங்களைப் பார்ப்பது எல்லாவற்றிலும் நுட்பமானது. திரி படுக்கும் அந்த மூக்கு லேசாக மேல்நோக்கி இருக்க வேண்டும். சமமாக இருந்தால் எண்ணெய் திரி வழியே இறங்கித் தண்டில் ஓடும். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கித் தட்டில் விளிம்புவரை ஊற்றிப் பார்த்தேன். ஐந்து மூக்கிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. அண்ணாச்சி சிரித்தார். "நாச்சியார்கோவில் சரக்கு தம்பி. அவங்க இதுல தப்பு பண்ண மாட்டாங்க."

நாச்சியார்கோவில் கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கும் ஊர். கல் கருடனுக்கும் குத்துவிளக்குக்கும் பெயர் பெற்றது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்ற பொருள். அங்கே கம்மாளர் தெருவில் நடந்தால் உலையின் சூடும், கடைசல் இயந்திரத்தின் கீச்சொலியும், அரத்தின் உரசலும் ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு சுருதியில் கேட்கும். காவிரிப் படுகையின் நைசான மண்தான் அந்தத் தொழிலின் ஆதாரம். இரண்டு பாதியாகப் பிரியும் சட்டத்துக்குள் அந்த மண்ணை இறுக்கி, மாதிரி உருவை அதில் பதித்து எடுத்தால் வெறுமையான அச்சு கிடைக்கும். அந்த வெறுமைக்குள் காய்ச்சிய பித்தளையை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்து எடுத்து, பிசிறை அராவி, கடைசலில் ஏற்றி, மெருகு போடுகிறார்கள். உடைத்த மண் வீணாவதில்லை, மறுபடி சலித்து நனைத்து அடுத்த அச்சுக்குப் போகிறது.

உலையில் விழுவதும் பெரும்பாலும் பழசுதான். ஓட்டைக் குடம், கைப்பிடி போன அண்டா, யாருடையதோ கல்யாணச் சீரில் வந்த தாம்பாளம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. 900 டிகிரிக்குச் சற்று மேலே உருகும். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடுவதால், ஊற்றும்போது வெண்புகை கிளம்பும். அந்தப் புகை அங்கே நிற்பவர்களின் நெஞ்சுக்குள் போகிறது. உலை எரிவதற்கும் கரி வேண்டும். இயற்கைக்கு உகந்தது என்று நான் சொல்லும் பொருளுக்கும் இந்தச் செலவு உண்டு, அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஒரு உலைச் செலவை மூன்று தலைமுறை பகிர்ந்துகொள்கிறது. என் ஆச்சியின் விளக்கு அம்மாவிடம் வந்து, இப்போது என் அக்கா வீட்டில் எரிகிறது. தண்டில் ஆச்சியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அதைத் தடவிப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டப் பழகினேன்.

ஒரு எச்சரிக்கை. பளபளப்பு மங்காமலிருக்க மேலே வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு அடித்து விற்கிறார்கள். ஏற்றாமல் காட்சிக்கு வைப்பவர்களுக்கு அது சரி. ஏற்றுகிற விளக்குக்கு வேண்டாம், சூட்டில் கறுத்து உரியும். மங்குகிற பித்தளைக்குப் புளி போதும். புளியின் புளிப்பு கறுத்த மேல்படலத்தைக் கரைத்துவிடும், பிறகு சாம்பலோ செங்கல்பொடியோ தேய்த்தால் வாரா வாரம் விளக்கு புதிதாகப் பிறக்கும். துலக்கிக் காயவைத்த விளக்கில் தெரியும் ஒளி கண்ணாடிப் பளபளப்பு இல்லை. ஆயிரம் மெல்லிய கீறல்கள் சேர்ந்து உண்டாக்கும் மந்தமான ஒளி அது. கடையில் எந்தக் காசுக்கும் கிடைக்காது, வீட்டில் கைகள் வருடக்கணக்கில் தேய்த்துத்தான் வர வேண்டும்.

விளக்குக்கு வேண்டிய மற்றதெல்லாம் எங்கள் ஊரைச் சுற்றியே கிடைக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை. ராஜபாளையம் பஞ்சு ஊர். 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லின் வழியே எத்தனையோ குடும்பங்கள் நூலால் வாழ்ந்தன. பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டியில் தறி தறியாக நெய்வது புடவையும் வேட்டியும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி. சாயம் ஏறாத அந்த மெல்லிய துணியைக் கிழித்துத் திரித்தால் ஒழுங்காக எரியும் திரி. தோப்பிலிருந்து தேங்காய் எண்ணெய், செக்கிலிருந்து நல்லெண்ணெய். தீப்பெட்டிக்கு சிவகாசி. 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கி வைத்தது அது. ஒரு விளக்கை ஏற்ற நூறு கிலோமீட்டர் போக வேண்டாம்.

ஆனால் குத்துவிளக்கால் புத்தகம் படிக்க முடியாது. ஒரு மெழுகுவர்த்திச் சுடரின் வெளிச்சம் ஏறக்குறைய 12 லூமன். 7 வாட் எல்இடி ஒன்று ஏறக்குறைய 600 லூமன் தரும். ஐந்து முகம் ஏற்றினாலும் கணக்கு எட்டாது. எண்ணெய்ப் புகையை மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் சுவாசிப்பதும் நல்லதில்லை. சுடர் விளக்கு பார்ப்பதற்கு, அந்திக்கு, விருந்தினர் வரும் நேரத்துக்கு. அதற்குப் பிறகு மின்விளக்கு வேண்டும். அதையும் நின்றெரியும் விளக்காகவே வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசித்தபோது கிளி ஞாபகத்துக்கு வந்தது. தண்டு உலைக்குப் போகிற பொருளாகவும், கூண்டு மண்ணுக்குப் போகிற பொருளாகவும் இருந்தால் என்ன?

இப்படி யோசித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இசாமு நொகுச்சி, ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி. 1951இல் ஜப்பானில் கிஃபு என்ற ஊருக்குப் போனார். அங்கே மூங்கில் வரிச்சும் முசுக்கட்டை மரப்பட்டைக் காகிதமும் கொண்டு ராந்தல் செய்பவர்கள் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து மின்விளக்குக்குப் பொருந்தும் காகிதக் கூண்டுகளைச் செய்தார். அகாரி என்று பெயர் வைத்தார், வெளிச்சம் என்று அர்த்தம். மடித்தால் தட்டையாகிவிடும், விரித்தால் நிலா. உலகம் முழுக்க அதைப் பார்த்து மலிவுக் காகித உருண்டைகள் வந்தன. ஆனால் அவர் செய்தது ஓர் ஊரின் பழைய கைகளுக்குப் புதிய வேலை கொடுத்தது, அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துக் கைகள் எவை? தெற்கே பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, நூலாகக் கிழித்து, துணி போல மடியும் பாயை நெய்கிறார்கள். பத்தமடைப் பட்டுப்பாய் என்பது அதுதான். நான் பட்டுப்பாய் வாங்கவில்லை, அதைச் சுருட்டி விளக்குக்குச் சட்டை தைப்பது பாவம். சாதாரண ரகக் கோரைப் பாயில் ஒன்றரை முழம் எடுத்தேன். உள்ளே அப்படியே விட்டால் கோரையின் இடைவெளி வழியே வெளிச்சம் கோடு கோடாகக் கண்ணைக் குத்தியது. என் மனைவிதான் சத்திரப்பட்டித் துணியை இரண்டு மடிப்பாக உள்பக்கம் வைத்துத் தைத்தாள். காயத்துக்குக் கட்டும் துணி வெளிச்சத்துக்கு இவ்வளவு பொருந்தும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு இழைக்கும் நடுவே உள்ள சின்னச் சதுரத்தில் வெளிச்சம் தங்கி, பிறகு மெதுவாக வெளியே வருகிறது. அறை முழுக்கத் தேன் நிறம். மெழுகுவர்த்தியாக இருந்தால் துணியும் கோரையும் வைக்கவே கூடாது. சின்ன எல்இடி அவ்வளவு சூடாவதில்லை, அதோடு பல்புக்கும் துணிக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டிருக்கிறோம்.

தண்டுக்குப் பழைய குத்துவிளக்கின் தண்டு ஒன்று அண்ணாச்சி கடையிலேயே ஓரமாகக் கிடந்தது, தட்டு இல்லாமல். எடை போட்டுக் கொடுத்தார். தட்டு உட்காரும் மரையில் தச்சர் ஒருவர் வேப்பமரக் கட்டை கடைந்து பொருத்தினார், அதன் மேல் ஹோல்டர். வீட்டில் எல்லா இடத்திலும் இருக்கும் அதே பின் வகை ஹோல்டர். பல்பு போனால் தெருமுனைக் கடையில் வாங்கி மாட்டலாம். நிறம் 2700 கெல்வின் என்று பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும், 6500 வாங்கினால் கோரையும் பித்தளையும் வெளிறிவிடும்.

உயரத்துக்குத்தான் நாங்கள் அதிகம் சண்டை போட்டோம். ஆச்சி காலத்தில் பாயில் உட்கார்ந்தார்கள், அதனால் இரண்டு, இரண்டரை அடி விளக்கின் சுடர் கண்ணுக்கு நேரே நின்றது. நாம் நாற்காலிக்கு ஏறிவிட்டோம், விளக்கு ஏறவில்லை. சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும். கூண்டின் கீழ்விளிம்பு அந்த உயரத்துக்கு வந்தால் பல்பு கண்ணில் படாது, வெளிச்சம் மடியில் விழும். எங்கள் தண்டு அதற்குப் போதவில்லை. அதனால் நாங்கள் சோபாவை வேறு அறைக்குத் தள்ளிவிட்டுக் கூடத்தில் பாயும் திண்டும் போட்டுவிட்டோம். சாயங்காலம் வருகிறவர்கள் முதலில் தயங்குவார்கள், பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்து போவதற்கு மனம் வராது.

இப்போது கூடத்தில் இரண்டும் நிற்கின்றன. கிழக்கு மூலையில் கோரைச் சட்டை போட்டது, ஜன்னலோரம் நாச்சியார்கோவில் ஐந்து முகம். வெயில் மலைக்குப் பின்னால் போனதும் இரண்டு முகம் மட்டும் ஏற்றுவோம். பேத்திக்குத் திரியைத் தூண்டிவிடும் வேலை. தூண்டினால் சுடர் ஒருமுறை திமிறி எழுந்து, பிறகு அடங்கி நிற்கும். அந்தத் திமிறலுக்காகவே அவள் அடிக்கடி தூண்டுகிறாள், நானும் தடுப்பதில்லை.

இருட்டு முழுசாக வந்த பிறகு கோரை விளக்கைப் போட்டுவிட்டு, சுடரை முடித்துக்கொள்வோம். அணைப்பது என்று எங்கள் வீட்டில் சொல்லமாட்டோம். பூவின் காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டு, விளக்கு மலையேறிவிட்டது என்போம். நேற்று பேத்தி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த மலை தாத்தா?"

வெளியே மலை கறுப்பாக நின்றுகொண்டிருந்தது. விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாகக் கொஞ்சம் செம்பு நிறம் மிச்சமிருந்தது. அதைக் காட்டினேன்.